எங்கள் ஆற்றைக் கழுவிய சனிக்கிழமை

நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க ஊராருடைய மலத்தையும் சிறுநீரையும் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, புழு இருக்கிறதா, முட்டை இருக்கிறதா என்று பார்ப்பது என் தொழில். சாப்பாட்டு மேசையில் இதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அம்பாங்கில் எங்கள் வரிசை வீடுகளில் இருக்கிறவர்களுக்கு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே என்னை ‘டாக்டர்’ என்று கூப்பிடுவார்கள். இல்லை இல்லை என்று சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அதனால் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஓடுகிற தண்ணீர் ஆறா, லோங்காங் என்கிற வடிகாலா என்று முடிவு கட்ட வேண்டி வந்தபோது, அம்மன் கோயில் தலைவர் நேராக என் வீட்டு வாசலில் வந்து நின்றதில் ஆச்சரியம் இல்லை.

அந்தத் தண்ணீர் மேலே குன்றுக் காட்டிலிருந்து வருகிறது. எங்கள் வீடுகளையும் கோயிலையும் தாண்டி, ஒரு கார் பட்டறைக்குப் பக்கத்தில் சிமெண்டு வடிகாலுக்குள் இறங்கிக் காணாமல் போய்விடும். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் தாண்டிவிடலாம், அவ்வளவு அகலம்தான். அதை மூடி மேலே கார் நிறுத்துமிடம் கட்டப்போவதாக அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஆறு என்றால் கரையை யாரும் தொட முடியாதாம். வடிகால் என்றால் மூடலாமாம். மூடினால் கரையில் இருக்கும் கோயிலுக்கு டெங்கில் என்கிற தூரத்து ஊரில் வேறு இடம் தருவார்களாம். எது என்று சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாரி ஒருவர் வந்து தண்ணீரின் ஆரோக்கியத்தைச் சோதிப்பார்.

தலைவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில். கண்பார்வை மங்கியபின் வண்டி ஓட்டுவதையும் விட்டுவிட்டார். காலையில் எழுந்து, பித்தளைக் குடத்தில் அந்த ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டுபோய் அம்மனுக்கு ஊற்றுவதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே வேலை.

“டெங்கிலுக்கு நான் எப்படிம்மா போவேன்? பஸ் மாறி ரயில் மாறி நான் போய்ச் சேர்றதுக்குள்ள அம்மனுக்கு மத்தியானம் ஆயிடும். நீ புழு பூச்சியெல்லாம் பாக்குறவ. எப்படியாவது இத ஆறுன்னு சொல்ல வச்சிடு.”

நான் பார்க்கிற புழு வேறு, ஆற்றில் இருக்கிறது வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. கோபம்தான் வந்தது. சொல்ல முடியாமல் போகும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும்.

ஆற்று ஆர்வலர்கள் சிலர் நடத்திய அரைநாள் வகுப்புக்குப் போனேன். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது, அதில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார்கள். ஓடைக்குள் இறங்கிக் கல்லைக் காலால் கிளறி, கீழே வலையைப் பிடித்து, வந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டினால் குடித்தனக்காரர்கள் வெளியே வருவார்கள். சிவப்புப் புழு எந்தச் சாக்கடையிலும் பிழைத்துக்கொள்ளும். வால் மூன்றாகப் பிரிந்த ஒரு சின்னப் பூச்சி இருக்கிறது. அது நல்ல தண்ணீரில்தான் இருக்கும். எனக்கு அந்த வகுப்பு ரொம்பவே பிடித்துப் போனது. இருபது வருஷமாகப் புழு கிடைத்தால் கெட்ட செய்தி என்று எழுதிக்கொண்டிருந்தவளுக்கு, புழு கிடைத்தால் கைதட்டுகிற ஒரு உலகம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதிகாரி வருவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒத்திகை பார்த்தோம். நான், தலைவர், கோயில் பொருளாளர் அக்கா. கோயிலில் பூ வைக்கிற வெள்ளை பிளாஸ்டிக் தட்டை எடுத்துக்கொண்டோம். முதல் வலையிலேயே மூன்று வால் பூச்சி கூட்டமாக வந்தது. தட்டானின் பிள்ளைகள் வந்தன. மணலைத் தன்மேல் ஒட்டி வீடு கட்டிக்கொண்ட ஒரு புழு வந்தது. நான் ஓடைக்குள் நின்றபடி கூச்சல் போட்டேன். தலைவரும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பக்திப் பரவசம் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலை கமிட்டிக் கூட்டத்தில், தண்ணீருக்குள் பூச்சி நிறைய இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அதிகாரி அதைத்தான் தேடுவார் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் அரசாங்கத்து ஆள் ஒருவர் குனிந்து தண்ணீரைப் பார்த்தால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. டெங்கி. கையில் டார்ச் லைட்டோடு வருவார்கள். பூச்சட்டித் தட்டு, ஐஸ்பெட்டிக்குப் பின்னால் தேங்குகிற தண்ணீர், நாய்க்கு வைத்த கிண்ணம், ஒன்று விடமாட்டார்கள். ஜெந்தேக் என்கிற கொசுப்புழு ஒன்றே ஒன்று நெளிந்தாலும் சம்மன்தான். போத்தலில் மணிபிளான்ட் வளர்த்த குற்றத்துக்காகப் பொருளாளர் அக்கா ஒருமுறை சம்மன் வாங்கியவர். அந்தப் போத்தல் இருந்த இடத்தைப் பார்த்தால் இன்றைக்கும் அவருக்கு முகம் சுருங்கும்.

சனிக்கிழமை எனக்கு வேலை இருந்தது. மத்தியானம் வீட்டுச் சந்துக்குள் நுழைந்ததும் என் லேபின் வாடை அடித்தது. பிளீச். வேலையிடத்து வாடை உடம்பில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று என் சட்டையையே மோந்து பார்த்தேன்.

கோயில் பக்கம் போனால் ஊரே திரண்டு நிற்கிறது. கோத்தோங் ரோயோங், ஊர்கூடிச் செய்கிற துப்புரவு வேலை. கல்யாணத்துக்கு அண்டா தேய்க்கிற மாதிரி ஓடைக் கற்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கல்லாக வெளியே எடுத்து, கம்பி பிரஷ் போட்டு, பிளீச்சில் முக்கி, அலசி, திரும்பவும் உள்ளே வைத்தார்கள். அதுவும் எடுத்த இடத்தில் இல்லை, சின்னது முன்னாலும் பெரியது பின்னாலுமாக அளவு பார்த்து அடுக்கியிருந்தார்கள். வருஷக்கணக்கில் சேர்ந்த இலைதழையெல்லாம் கறுப்புப் பைகளில் கட்டி ஓரமாக நின்றது. நடுவில் இருந்த பெரிய பாறைக்கு வெள்ளையடித்துக் குங்குமம் வைத்தாகிவிட்டது. இரண்டு கரையிலும் வாழைமரம், குறுக்கே மாவிலைத் தோரணம். தண்ணீர் அதுவரை நான் பார்த்தே இராத அளவுக்குப் பளிச்சென்று ஓடியது.

தலைவர் முழங்கால் தண்ணீரில் நின்று, இடுப்பில் இடுக்கிய பால்மாவு டின்னிலிருந்து எதையோ எடுத்து அட்சதை போடுவதுபோலப் போட்டுக்கொண்டிருந்தார். குளியலறைத் தொட்டியில் போடச்சொல்லி டெங்கிக்காரர்கள் வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டுப் போன, மணல் மாதிரி இருக்கிற கொசுப்புழு மருந்து. எல்லார் வீட்டுப் பொட்டலத்தையும் கேட்டு வாங்கிச் சேர்த்திருக்கிறார்.

“வாங்க டாக்டர்! கல்வெட்டுலேர்ந்து பட்டறை வரைக்கும் எல்லாம் முடிச்சாச்சு. ஒண்ணுகூட மிச்சம் இல்ல.”

கல்வெட்டு என்று நாங்கள் சொல்வது, காட்டு வேலிக்குப் பக்கத்தில் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் வருகிற குழாய்ப் பாலத்தை. அங்கிருந்து பட்டறை வரைக்கும் என்றால் எங்கள் ஓடை முழுவதும்.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. மற்றவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது, இப்போதும் நடித்துக் காட்டுகிறார்கள். ஆற்றைக் கழுவுகிற ஜனங்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்றேனாம். உங்களுக்கெல்லாம் மூளை இருக்கிற இடத்திலும் பிளீச் போட்டீர்களா என்றேனாம். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, பூச்சி இருந்தால்தான் அது ஆறு, பூச்சி இல்லாவிட்டால் லோங்காங் என்று சொன்னேன்.

பிரஷ் போடுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

“கவர்மெண்டு ஆளு தண்ணியில பூச்சி தேடினா சம்மன் குடுக்கத்தானே தேடுவாங்க?” என்றார் பொருளாளர் அக்கா. “பூச்சி இருந்தா பாராட்டுவாங்கன்னு யாருக்கு லா தெரியும்?”

கூட்டத்தில் அதை நான் சொல்லவே இல்லை. அதனால் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

தலைவர் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். அது காலியாக இருந்தது. “அப்ப டெங்கில்தானா?” என்றார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, அம்மன் இருக்கிற பக்கம் பார்த்துக் கேட்டார்.

வலையைப் போட்டுப் பார்த்தேன். தட்டில் தண்ணீர் மட்டும் இருந்தது. குடிக்கலாம் போல இருந்தது.

பொருளாளர் அக்கா லேசில் தோற்கிற ஆள் இல்லை. கல்வெட்டுக்கு மேலே, காட்டு வேலி ஓரத்தில், யாரும் கழுவவில்லையே என்றார். அங்கே பூச்சி இருக்குமே. பிடித்துக் கொண்டுவந்து இங்கே விட்டுவிட்டால் போச்சு.

“முடியாதுக்கா. அது ஒரு ஆளோட மலத்த எடுத்து இன்னொரு ஆளோட போத்தல்ல போடுற மாதிரி.”

“கோயில்ல நின்னுக்கிட்டு என்ன பேச்சு பேசுற நீ!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தோடு அந்த யோசனை செத்துவிட்டது என்று நம்பி நான் வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு காலையில் உறுமிச் சத்தம் கேட்டு ஓடினேன். மேலேயிருந்து கரையோரமாக ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. பெண்கள் மஞ்சள் புடவை கட்டி, தலையில் பால்குடம் வைத்து, குடத்தின் வாயில் வேப்பிலை செருகி, வரிசையாக வந்தார்கள். குடத்துக்குள் பால் இல்லை, பூச்சி. பூச்சியைக் கொண்டுவருவதற்கு மேளம் எதற்கு என்று கேட்டேன். அம்மன் வாசலுக்குக் குடம் வரும்போது மேளம் இல்லாமல் எப்படி வரும் என்று என்னைத் திருப்பிக் கேட்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலிருந்து புதுக் குடம்கூட வாங்கி வந்திருந்தார்கள். பழைய குடத்தில் பால் வாடை இருந்தால் பூச்சிக்கு ஒத்துக்கொள்ளாதாம். “தளும்பாம வாங்கடி, வாலு ஒடிஞ்சிடப் போகுது!” என்று பொருளாளர் அக்கா முன்னால் நின்று வழிநடத்தினார். அவருக்கும் முன்னால், வேட்டி துண்டோடு, தலைவர்.

அதே நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதிகாரி வந்துவிட்டார். தலையில் முக்காடு போட்ட இளம் மலாய்ப் பெண், காலில் ரப்பர் பூட்ஸ், தோளில் வலை. ஊர்வலத்தைப் பார்த்ததும் மரியாதையாக ஓரத்தில் ஒதுங்கி, பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பாவம், வெறுங்காலில் சேறு. இன்றைக்கு என்ன திருவிழா என்று என்னிடம் மலாயில் மெதுவாகக் கேட்டார்.

எந்தத் திருவிழாவின் பெயரைச் சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருப்பார். பொருளாளர் அக்கா கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தினார். பஸ் ஓட்டிய காலத்து மலாயில், ஒவ்வொரு வார்த்தையாக, திருவிழா இல்லை என்றார். நேற்று நாங்கள் இந்த ஆற்றைக் கழுவினோம். மருந்து போட்டது நான். உள்ளே இருந்ததெல்லாம் செத்துவிட்டது. இதெல்லாம் மேலேயிருந்து கொண்டுவருகிறோம், உங்களை ஏமாற்ற.

உறுமிக்காரர்கூட வாயைப் பிளந்துகொண்டு நின்றார். “தலைவரே, உங்களுக்கு என்ன ஆச்சு?” என்று அக்கா பல்லைக் கடித்தார்.

“அம்மன் வாசல்ல நின்னுக்கிட்டு நான் எப்படிம்மா பொய் சொல்றது?”

டெங்கிலை அவரே கையைக் காட்டிக் கூப்பிட்டதுபோல் இருந்தது எனக்கு. அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது, அவ்வளவு பிரியமும் வந்தது.

அதிகாரி சிரிக்கவில்லை. ஒரு குடத்தை இறக்கச் சொன்னார். வேப்பிலையை விலக்கி உள்ளே பார்த்தவர், அழகு என்று சொன்னார். பிறகு, எடுத்த இடத்திலேயே எல்லாவற்றையும் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்றார். ஊர்வலம் திரும்பியது. உறுமிக்காரருக்குத்தான் பெரிய குழப்பம். அம்மனிடமிருந்து குடம் திரும்பிப் போகும்போது என்ன அடிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கொஞ்ச தூரம் சும்மா நடந்தார். பிறகு மனசு கேட்காமல், கல்யாணத்தில் பெண் அழைப்புக்கு அடிப்பதை அடித்துக்கொண்டே மேலே போனார்.

கோயிலடியில் அதிகாரி வலையைப் போட்டார். ஒன்றும் இல்லை. இப்போது முடிவு எழுதினால் செத்த தண்ணீர் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் மருந்து போட்ட தண்ணீரைச் சோதித்து ஆற்றைப் பற்றி முடிவு சொல்வது முறையில்லை என்றார். மேலே உயிர் இருப்பதால் அது தானாகவே கீழே இறங்கி வரும். சில மாதம் கழித்து வருகிறேன். அதுவரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது. இலையை அள்ளக்கூடாது, பாசியைச் சுரண்டக்கூடாது. வாழைமரத்தையும் தோரணத்தையும் எடுத்துவிடலாம்.

எங்கள் ஜனங்களிடம் ஏதாவது செய்யச் சொன்னால் செய்துவிடுவார்கள். சும்மா இருக்கச் சொன்னால் உயிர் போய்விடும். தலைவர் கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். யார் குனிந்தாலும் “குப்பையத் தொடாதே!” என்று அதட்டுவார். பிளாஸ்டிக் பையை எடுக்க அனுமதி உண்டு, இலையை எடுக்க அனுமதி இல்லை. ஒரு காய்ந்த இலைக்காக அவருக்கும் பொருளாளர் அக்காவுக்கும் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. தீபாவளி வந்தது. நல்ல நாளில் அம்மன் வாசல் பாசி பிடித்துக் கிடக்கிறதே என்று கமிட்டியே கொதித்தது. பிடித்துக் கிடக்கட்டும் என்றார் தலைவர். ஒருநாள் டெங்கிக்காரர்கள் வந்தார்கள். அவர்களைச் சந்து முனையிலேயே மறித்து, உள்ளே பூச்சி நிறைய இருக்கிறது, தயவுசெய்து திரும்பிப் போங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர்கள் வேலைக்கு வந்த நாள் முதல் யாரும் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. ஓடுகிற தண்ணீரில் கொசு முட்டையிடாது என்று நான் போய் விளக்கி அனுப்பிவைத்தேன். தலைவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று இரண்டு வரிசை தள்ளிப் பேசிக்கொண்டார்கள்.

பேதலிக்கவில்லை. காலையில் குடத்தில் தண்ணீர் மொண்டதும் வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. என் வீட்டுப் பின்கதவிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு எனக்கு வேலையே ஓடாது.

அதிகாரி சொன்னபடி வந்தார். பாறையின் வெள்ளை பாதி உரிந்திருந்தது. கற்களை வெள்ளம் அதன் இஷ்டத்துக்கு உருட்டிப் போட்டிருந்தது. கால் வைத்தால் வழுக்கியது. வலையில் வந்ததைத் தட்டில் கொட்டினார். சேறும் மக்கிய இலையும்தான். எல்லோரும் தலையை நீட்டிக்கொண்டு நின்றோம். தலைவர் மட்டும் கிட்டே வரவில்லை. சேறு மெல்ல அடியில் படிந்தது. ஒரு இலையின் ஓரம் அசைந்தது. இலை இல்லை, கால்கள். பின்னால் மூன்று வால். பிறகு இன்னொன்று. பிறகு ஒரு தட்டான் பிள்ளை, இலைத் துணுக்கை முட்டித் தள்ளிக்கொண்டு.

சுமார்தான் என்றார் அதிகாரி. ரொம்ப நல்ல ஆறு என்று சொல்ல முடியாது. ஆனால் ஆறு.

பொருளாளர் அக்கா ஓவென்று அழுதார். நான் ஈரத்தோடு அந்த அதிகாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். யாரோ சங்கை எடுத்து ஊதினார்கள். டெங்கில் இல்லை, அம்மன் எங்கேயும் போகவில்லை.

தலைவர் அப்போதுதான் வந்தார். தட்டைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். என் பூதக்கண்ணாடியையும் வாங்கிக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது பெருசானா என்ன ஆகும்?”

“ரெக்கை முளைச்சு வெளிய பறந்துடும் அங்கிள். அதுக்கப்புறம் ஒண்ணு ரெண்டு நாள்தான். சாப்பிடக்கூட சாப்பிடாது.”

“அந்த ஒண்ணு ரெண்டு நாளுக்காக இங்க கெடந்து வளருதா?”

“ஆமா.”

தலையை ஆட்டினார். கண்ணாடியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அன்னைக்கு நான் போட்ட மருந்துல எத்தனை செத்திருக்கும்மா?”

எண்ணுவது என் வேலை. ஒரு சொட்டில் இத்தனை என்றால் ஒரு போத்தலில் எத்தனை என்று என் தலை தானாகவே பெருக்கிவிடும். ஒத்திகை பார்த்த அன்று ஒரு தட்டில் எவ்வளவு வந்தது என்பதும், கல்வெட்டிலிருந்து பட்டறை வரைக்கும் எவ்வளவு தூரம் என்பதும் எனக்குத் தெரியும்.

“கொஞ்சம்தான் அங்கிள்” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை. கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டு அவரைக் கூப்பிட்டார்கள். எழுந்து, தட்டைத் தளும்பாமல் தூக்கிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார். மெதுவாகக் குனிந்து, தட்டின் ஒரு விளிம்பைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்தார். ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. ஒன்று மட்டும் போகாமல் தட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மேலே மணியை அடித்து அடித்துக் கூப்பிட்டார்கள். அவர் குனிந்தபடியே, அது போகட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.